முடிவு தெரிந்த கதைதான், ஆனாலும் பார்

கார்த்தி கண்ணா,

பழைய ஸ்டார் ட்ரெக்குக்கு முந்தைய கதையான 'ஸ்டார் ட்ரெக்: என்டர்ப்ரைஸ்' தொடரை நாலைந்து எபிசோடோடு நிறுத்திவிட்டேன், முடிவுதான் தெரியுமே அம்மா என்று மெசேஜ் போட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம், அதனால் எழுதுகிறேன்.

முடிவு தெரியும்தான். 2161-ல் மனிதர்கள், வல்கன்கள், ஆண்டோரியர்கள், டெல்லரைட்டுகள் என்று வெவ்வேறு கிரகத்தார் சேர்ந்து ஃபெடரேஷன் என்ற கூட்டமைப்பைத் தொடங்குவார்கள், நூறு வருஷம் கழித்து பழைய தொடரின் நாயகர்கள் கிர்க்கும் ஸ்பாக்கும் வருவார்கள். துரியோதனன் சாகப்போகிறான் என்று தெரிந்தேதான் விடிய விடிய பாரதக் கூத்து பார்க்கிறார்கள், இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் பழைய ஸ்டார் ட்ரெக் பார்த்து வளர்ந்தவள் நான். அதில் எல்லாமே அவர்களுக்குப் பழகிப்போயிருக்கும். 2151-ல் கிளம்பும் கேப்டன் ஆர்ச்சரின் விண்கப்பலிலோ, ஆளை நொடியில் வேறிடத்துக்கு அனுப்பும் ட்ரான்ஸ்போர்ட்டரில் ஏறவே பயப்படுகிறார்கள். எதையாவது இழுக்க வேண்டுமென்றால் கொக்கி மாட்டிய கம்பிவடம்தான். தொங்கவிட்ட பிணங்களைப் பார்த்து அலறும் மொழி நிபுணர் ஹோஷி, கொஞ்ச நேரத்தில் மொழிபெயர்ப்புக் கருவி கைவிட்டதும், அரைகுறையாகத் தெரிந்த மொழியில் தானே பேசி எல்லோரையும் காப்பாற்றுகிறாளே, அந்தப் பயமும் துணிச்சலும்தான் எனக்கு இந்தத் தொடர்.

நீ நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயேதான் பிஜெம் மடாலயம் வருகிறது. அமைதியான வல்கன் துறவிகளின் இடம், உள்ளே ஆண்டோரியர்களை ஒட்டுக்கேட்கும் நிலையம். அதைக் கப்பலின் வல்கன் அதிகாரி டி'பால் ஸ்கேன் எடுத்ததும், ஆண்டோரியத் தளபதி ஷ்ரானிடம் கொடுத்துவிடு என்கிறார் ஆர்ச்சர். வல்கன்கள் பொய் சொல்வார்களா என்று பழைய ரசிகர்கள் பலருக்குக் கோபம், எனக்கும் ஒப்பவில்லை. ஆனால் நாலாவது சீசனில் மேனி கோட்டோ தயாரிப்புப் பொறுப்பேற்ற பிறகு, வல்கன்களின் ஞானி சுராக்கின் மூல எழுத்துகள் கிடைத்து வல்கன் ஆட்சியே கவிழும் மூன்று எபிசோடுகளைப் பார், அந்தப் பொய்க்கும் கணக்குத் தீர்கிறது.

அப்புறம் அதே சீசனில் 'யுனைடெட்' எபிசோடு. ஷ்ரானின் காதலி டெல்லரைட் ஒருவன் சுட்டதில் இறந்துவிடுகிறாள், அவனை ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்குக் கூப்பிடுகிறான் ஷ்ரான். யார் செத்தாலும் கூட்டணி உடையும் என்று டெல்லரைட்டுக்குப் பதிலாக ஆர்ச்சரே இறங்குகிறார், ஒரே கயிற்றில் பிணைத்து ஆளுக்கொரு பனிவெட்டிக் கத்தி. கடைசியில் ஷ்ரானின் உணர்கொம்பு ஒன்றை வெட்டி அவனை நிலைகுலைய வைத்து, உயிரை விட்டுவிடுகிறார். ஃபெடரேஷன் இப்படிப்பட்ட மனுஷர்களால்தான் வந்தது என்று நம்ப வைத்த காட்சி அது, ஷ்ரானாக நடிக்கும் ஜெஃப்ரி கோம்ப்ஸ் அந்த நீல முகத்துக்குள் துக்கத்தை எப்படிக் காட்டுகிறார் பார்.

குறை இல்லாமல் இல்லை. உடம்பில் ஜெல் பூசும் காட்சிகளெல்லாம் அனாவசியம், தள்ளிவிடு. கப்பலை ஓட்டும் டிராவிஸுக்கு உருப்படியாக எதுவும் எழுதவில்லை. ஆனால் என்னால் மன்னிக்க முடியாதது 2005 மே மாதம் வந்த அந்தக் கடைசி எபிசோடுதான். நாலு சீசன் கூடவே வந்தவர்களின் கதையை வேறொரு ஸ்டார் ட்ரெக் தொடரின் ரைக்கர், ஹோலோடெக் என்ற மாயக்காட்சி அறையில் ஓட்டிப் பார்க்கும் படமாக்கி, என்ஜினியர் ட்ரிப்பை அவசர அவசரமாகச் சாகடித்து, ஆர்ச்சர் பேச மேடை ஏறும்போது ப்ரோகிராமையே நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்காகத்தானே அத்தனை நாள் காத்திருந்தோம்!

அதனால் அதற்கு முந்தைய எபிசோடான 'டெர்ரா பிரைம்' வரை பார், அதோடு நிறுத்திக்கொள். இடையில் மூன்றாவது சீசனில் 'டேமேஜ்' வரும்போது எனக்குச் சொல், ஆர்ச்சர் அங்கே செய்வது சரியா தப்பா என்று உன்னிடம் கேட்க வேண்டும்.

அம்மா