ஐன்ஸ்டைன் தோற்ற செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் 'ஐன்ஸ்டைன் தோற்றார். இருண்ட ஆற்றல் என்று ஒன்றுமே இல்லை' என்று ஐந்து பத்தி அகலத்துக்குத் தலைப்பு போட்டிருந்தீர்கள். நல்லது. எதிரணியில் ஆடியது யார், ஸ்கோர் என்ன என்பதையும் போட்டிருக்கலாம்.

மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். திங்கள் காலை பால் வாங்கித் திரும்பும்போது பழைய மாணவன் ஒருவன் பைக்கை நிறுத்தி, "சார், நீங்க நடத்தினதெல்லாம் தப்பாமே, பேப்பர்ல போட்டிருக்காங்க" என்றான். நடுரோட்டில் நின்று என்ன பதில் சொல்ல?

1998இல் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, அளந்த இரண்டு குழுக்கள், பிரபஞ்சம் வேகமெடுத்து விரிவதைக் கண்டன. வெளி முழுக்க ஏதோ ஓர் ஆற்றல் தள்ளுகிறது, அதுதான் இருண்ட ஆற்றல் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, பெருந்தொலைவில் ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்பு விதி செல்லாது, விதியே வேறு என்பது இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சி நேற்று முளைத்ததாக உங்கள் செய்தியாளர் எழுதுகிறார். இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறது, அதுவும் அடி வாங்கிக்கொண்டே. 2017 ஆகஸ்ட் 17 உங்களுக்கு நினைவிருக்கும். சுமார் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில், வெளியையே அதிரவைத்துப் பரவும் ஈர்ப்பலை முதலில் வந்தது, 1.7 வினாடி கழித்து ஒளியின் இனமான காமா கதிர். 13 கோடி வருட ஓட்டத்தில் 1.7 வினாடி! இரண்டுக்கும் வேகம் வேறு என்று கணித்த மாற்றுக் கோட்பாடுகள் பல அன்றோடு படுத்துவிட்டன. பிழைத்தவையும் உண்டு. அவற்றில் பல, சூரியக் குடும்பத்துக்குள் வந்தால் மட்டும் ஐன்ஸ்டைன் சொன்னபடியே நடப்பவை, பெரியவரைக் கண்டதும் சிகரெட்டை மறைக்கிற பிள்ளைகள் மாதிரி.

விதியை மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. புதனின் பாதை நியூட்டன் கணக்குக்கு ஒத்துவராதபோது வல்கன் என்று ஒரு கிரகத்தையே தேடினார்கள். கிடைக்கவில்லை. 1915இல் மாறியது விதிதான், மாற்றியதும் நீங்கள் தோற்கடித்த அதே ஆள்தான்.

அதே கட்டுரையில் இருண்ட பொருளும் இருண்ட ஆற்றலும் ஒன்றாகிவிட்டன. விண்மீன் மண்டலங்களைச் சிதறாமல் பிடித்து வைப்பதும், பிரபஞ்சத்தை விரட்டி விரிப்பதும் உங்களுக்கு ஒன்றுதானா? முன்பு ஒருமுறை 'பல ஒளியாண்டுகளுக்கு முன்பு' என்று எழுதினீர்கள். ஒளியாண்டு தூரம் ஐயா, காலம் இல்லை என்று கடிதம் போட்டேன். நாலு மாதம் கழித்து, அதில் மரியாதைக்காக எழுதியிருந்த பாராட்டு வரிகளை மட்டும் பிரசுரித்தீர்கள். சனிப்பெயர்ச்சி நேரம் பத்து நிமிடம் தப்பாக அச்சானபோதோ மறுநாளே முதல் பக்கத்தில் வருந்தினீர்கள். சனி பெரிய இடம், சரி.

'தோற்றார்' என்பது தவறு, 'ஆய்வு நடக்கிறது' என்பதே சரி என்று இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். வானிலைப் பெட்டிக்குக் கீழே தினமும் அவ்வளவு இடம் காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மன்னார்குடி