கறிக்கடையில் சிவப்பு விளக்கு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை உக்கடம் பக்கத்தில் முப்பது ஆண்டுகளாக மாட்டுக்கறிக் கடை நடத்துகிறேன். தகப்பனாரிடம் கத்தி பிடிக்கப் பழகியவன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒன்று மனத்தை அறுத்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

வழக்கமாக வரும் ஓர் அம்மணி, முதல் நாள் மாலை வாங்கிப்போன அரைக் கிலோ கொத்துக்கறியைத் திருப்பிக் கொண்டுவந்தார். "மேலே புதுக்கறியை வைத்து உள்ளே பழசைத் திணித்துவிட்டீர்களே, பாய்" என்று உருண்டையைப் பிளந்து காட்டினார். வெளியே நல்ல சிவப்பு, நடுவில் பழுப்பு. இரண்டும் ஒரே தொடைக்கறி, ஒரே நேரத்தில் மிஷினில் அரைத்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னேன். கெட்ட வாடை எதுவும் இல்லை.

கறிக்கு நிறம் தருவது மயோகுளோபின் என்ற புரதம். அதற்குள் இரும்பு இருக்கிறது. காற்றுப் படாத கறி கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து இருக்கும். காற்றுப் பட்டால் அரை மணி நேரத்துக்குள் பளிச்சென்று சிவக்கும். காற்று அரைகுறையாக எட்டும் இடத்திலும், நாள்பட்ட கறியிலும் அது பழுப்பாகும். அம்மணியின் முன்னால் ஒரு துண்டை வெட்டி வைத்தேன். டீ வாங்கிவந்து குடித்து முடிப்பதற்குள் வெட்டுவாய் மெல்லச் சிவந்து வருவதைப் பார்த்துவிட்டு, கொத்துக்கறியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். போகும்போது, "இன்னொரு கடையில் மட்டும் எந்நேரமும் சிவப்பாகவே இருக்கிறதே?" என்று கேட்டார்.

அந்தக் கடைக்கு நானே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோஸ் நிற டியூப்லைட். என் உள்ளங்கையே அதில் மருதாணி வைத்தாற்போல் தெரிந்தது. கால் கிலோ வாங்கி வெயிலில் பிரித்தேன். முழுக்கப் பழுப்பு, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது, புளித்த வாடை. கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அதே தொழில் செய்கிறவன்தானே.

கொத்துக்கறி சிவப்பாக இருக்க நேர்மையான வழி இருக்கிறது. அரைப்பதற்கு முன்பே கறி நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பெட்டி 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. மிஷின் கத்தி மழுங்கினால் கறி சூடேறி நிறம் போய்விடும். எல்லாவற்றையும் விட, நேற்றைய மிச்சத்தை இன்றைய கறியோடு சேர்க்கவே கூடாது. ஒரு பிடி பழசு போதும், மொத்தத்தையும் கெடுத்துவிடும். முழுத்துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்ததும் உள்ளே எல்லாம் கலந்துவிடுகிறது. நான் ஆள் வந்து நின்ற பிறகுதான் அரைக்கிறேன். கூட்டம் இருந்தால் திட்டு வாங்குகிறேன், பரவாயில்லை.

வெளிநாடுகளில் 80 சதவீதம் ஆக்சிஜன் நிரப்பிய பொட்டலங்களில் விற்கிறார்கள். அமெரிக்காவில் 0.4 சதவீதம் கார்பன் மோனாக்சைடு சேர்க்கவும் அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கு இடமில்லை. அப்படி அடைத்த கறி கெட்ட பின்னும் சிவந்தே இருக்கும் என்பதுதான் அங்குள்ள ஆட்சேபம். நம் ஊரில் அந்த வேலையை ஒரு டியூப்லைட் செய்கிறது.

சீனாவில் 2023 டிசம்பர் 1 முதல், கறியின் இயல்பான நிறத்தை மாற்றிக் காட்டும் விளக்குகளைக் கடைகளில் தடை செய்துவிட்டார்கள். நம் உணவுப் பாதுகாப்புத் துறையும் மாநகராட்சியும் அதே உத்தரவைப் போட வேண்டும். கோழி, ஆடு, மாடு, மீன் என்று எல்லாக் கடைகளுக்கும் அது பொருந்த வேண்டும். சோதனைக்கு வரும் அதிகாரிகள் கறித் தட்டை ஒரு நிமிடம் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்தாலே போதும்.

வாங்குகிறவர்களும் அப்படிக் கேட்கலாம். தட்டை வெளியே எடுத்துவர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு கறிக்கடைக்காரர்,
உக்கடம், கோவை.