சின்ன அடுப்படி, நிறையப் பாத்திரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அவ்வளவு சின்ன அடுப்படியில் எப்படிச் சமைக்கிறாய் என்று போனில் கேட்டாயே, அன்றைக்குச் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஒருத்தி நின்றால் இன்னொருவர் உள்ளே வர முடியாது. வாடகை வீடு, சுவரில் துளை போடவும் கூடாது. ஆனால் அலமாரிக் கதவுகளின் உட்புறம் சும்மாதானே கிடக்கிறது? அங்கே ஒட்டும் கொக்கிகள் வைத்து மூடி, கரண்டி, வடிகட்டி எல்லாவற்றையும் மாட்டிவிட்டேன். ஒட்டுகிற இடத்தைப் பிசுக்குப் போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டவேண்டும். எவ்வளவு எடை தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள், அதை மீறக் கூடாது. குளிர்பெட்டியின் பக்கவாட்டில் காந்தத் தாங்கி ஒன்று நிற்கிறது. சின்னப் பாட்டில்கள் எல்லாம் அதில்தான்.

வட்ட டப்பாக்களை விட்டுவிட்டேன் அம்மா. அவற்றை வரிசையாக வைத்தால் இடுக்குகளிலேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் போய்விடுகிறது. சதுர டப்பா ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும், மேலேயும் அடுக்கலாம். தட்டுகளைப் படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறேன். அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் இறக்கும் வேலை இல்லை.

இதெல்லாம் இன்றைய யோசனையும் இல்லை. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். மாவு, சர்க்கரை போன்றவற்றுக்குப் பிடியும் மூக்கும் வைத்த அலுமினிய இழுப்பறைகள். உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். வேலை செய்கிறவரின் கை எங்கே போகும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. நானும் அப்படித்தான் பார்க்கிறேன்: தினமும் எடுப்பது கண் மட்டத்தில், கனமானது கீழே, எப்போதாவது தேவைப்படுவது உச்சியில்.

அப்புறம், கழுவுதொட்டிக்கு அடியில் ஈரம் தங்கும். அங்கே சாப்பாட்டுச் சாமான் வைக்காதே, சோப்பும் துடைக்கும் துணியும் போதும். எண்ணெயை அடுப்புக்கு நேர் மேலே வைத்தால் சூட்டில் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். உருளைக்கிழங்கு வெளிச்சம் படாத இடத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பச்சை பிடிக்கும். வெங்காயத்தைத் தனியாக, காற்றாட வை.

நீயும் அலமாரியை மாற்றி அடுக்கப் போவதாகச் சொன்னாயே. டப்பா வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு அடுக்கின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்துவிடு. கதவு மூடும்போது உள்ளே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பதையும் பார். எல்லாவற்றையும் எழுதி அனுப்பு, எது எங்கே நிற்கும் என்று நான் வரைந்து அனுப்புகிறேன். அப்பாவை விட்டு அளக்கச் சொல், நீ ஸ்டூலில் ஏறாதே.

அன்புடன்,
உன் மகள்