ஒரு குசினிக்கு ஒரு உப்புப் போத்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைரொயிட் வருத்தக்காரர் எந்த உப்பைப் பாவிக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதில் அயடீன் சேர்த்த உப்பு கூடாது என்கிற கதையை நம்பி நான் ஏழு மாதம் வீட்டு உப்பையே மாற்றி வைத்திருந்தேன், பிறகுதான் அது என்னோடு நிற்கிற விஷயம் இல்லை என்று விளங்கியது. என்னைப் போல இன்னும் பலர் மாற்றி வைத்திருக்கிறார்கள், எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று வீடு தெரியும். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனாலும் தயவுசெய்து போடுங்கள்.

நான் உப்புவெளி. ஒன்பது வருடமாகத் தைரொக்சின் குளிசை எடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கேடயப்போலிச் சுரப்பி என்று படித்தோமே, அது எனக்குக் குறைவாக வேலை செய்கிறது. எனக்கு இருப்பது ஹஷிமோட்டோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிற வகை. 1912இல் இதை முதலில் எழுதிய ஜப்பானிய வைத்தியரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அயடீன் போதாமல் கழுத்தில் வருகிற கழலை வேறு, இது வேறு. ஆனால் வெளியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், "தைரொயிட்". கூடினவர், குறைந்தவர், கட்டி உள்ளவர், சுரப்பியையே வெட்டி எடுத்தவர் எல்லாரும் அதற்குள் அடக்கம், எல்லாருக்கும் ஒரே உப்பைத்தான் சொல்கிறார்கள்.

2025 மாசியில் என்னுடைய டி.எஸ்.எச்., அதாவது சுரப்பி குறைவாக வேலை செய்தால் இரத்தப் பரிசோதனையில் ஏறுகிற அளவு, 11க்கு ஏறிவிட்டது. வழக்கமாக 2, 3க்குள் நிற்கும். களைப்பு, முடி கொட்டல், காலையில் முகம் வீக்கம் எல்லாம் திரும்பி வந்தது. அப்போதுதான் மச்சாள் சொன்னா, கடை உப்பில் போடுகிற அயடீன்தான் சுரப்பியைக் குழப்புகிறது, இந்துப்புக்கு மாறு, அவவின் சிநேகிதி ஒருத்தி மாறித்தான் சுகமானாவாம் என்று. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டவுனில் ஒரு கடையில் ரோஸ் நிற இந்துப்பு வாங்கினேன். சாதாரண உப்பைவிடப் பல மடங்கு விலை. "இது தைரொயிட்டுக்கென்றே வருகிறது அக்கா" என்றார் கடைக்காரத் தம்பி. பைக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் பொடி எழுத்தில் ஆங்கிலம், கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை. பிறகு வைகாசியில் நாடு முழுக்க உப்புத் தட்டுப்பாடு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் மழை அடித்து விளைச்சல் போய், இந்தியாவில் இருந்து உப்பு இறக்கினார்களே, அந்த நேரம். கடைகளில் வெள்ளை உப்புக்கு அலைந்தார்கள், எங்கள் வீட்டில் ரோஸ் உப்பு இருந்தது. அப்படியே அது குசினியில் நிலைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் நாலு பேர். நான், இவர், அம்மா, மகள். மருமகன் வெளிநாட்டில். ஆவணியில் மகளுக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது என்று தெரிந்தது. கிளினிக்கில் பதிந்தபோது குடும்பநல உத்தியோகத்தர் மிஸ் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்து, வீட்டில் என்ன உப்பு என்றும் கேட்டிருக்கிறா. மகள் சொன்னதும், "அடுத்த முறை வரும்போது அதில் ஒரு கரண்டி கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டா.

நானும் கூடப் போனேன். எங்கள் உப்பை ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, சின்னப் போத்தலில் இருந்து இரண்டு துளி விட்டா. ஒன்றும் ஆகவில்லை, ரோஸ் நிற உப்பு நனைந்து கிடந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் வேறொரு தாய் கொண்டு வந்த சாதாரண தூள் உப்பில் அதே துளியை விட்டா, விட்ட இடம் கத்தரிப்பூ நிறமாக மாறியது. துளியில் மாப்பொருள் இருக்கிறதாம், அயடீன் இருந்தால் நிறம் எடுக்கும். மிஸ் என்னைப் பேசவில்லை. "அம்மா, உங்களுக்கு ஹோர்மோன் குளிசையில் வருகுது, மகளுக்கு எங்கே இருந்து வரும்?" என்று மட்டும் கேட்டா.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. நான் எடுக்கிற தைரொக்சினில் எடைக்கு மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட அயடீன்தான், சரியாகச் சொன்னால் 65 சதவீதம். உப்பில் அயடீன் இல்லாமல் போனாலும் எனக்கு வேண்டிய ஹோர்மோன் குளிசையாக உள்ளே போகிறது. மகளுக்கு அப்படி இல்லை, அவளுடைய சுரப்பி ஹோர்மோனைச் செய்ய அயடீன் வெளியில் இருந்துதான் வர வேண்டும். முதல் மூன்று மாதம் வயிற்றில் உள்ள பிள்ளைக்குத் தன் சுரப்பி வேலை செய்யாது, தாயின் ஹோர்மோனில்தான் அதன் மூளை வளர்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு 150 மைக்கிரோகிராம் அயடீன் போதும், கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் என் வருத்தத்துக்கென்று மாற்றிய உப்பில்தான் அவளுக்கும் குழம்பு வைத்தேன், அவளுக்கும் சம்பல் இடித்தேன். ஒரு குசினியில் இரண்டு உப்புப் போத்தல் யார் வைப்பார்கள்? ஆசிரியர் அவர்களே, இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு நோயாளிக்குச் சொல்கிற உப்பு, அந்த வீட்டில் சாப்பிடுகிற எல்லாருக்கும் போகிறது.

மகள் மீன் சாப்பிடுகிறவள், முட்டை, கிண்ணியாத் தயிர் எல்லாம் சாப்பிடுவாள், அவற்றிலும் அயடீன் இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று டொக்டர் ஆறுதல் சொன்னார். இரத்தமும் பார்த்தார்கள், நல்லபடியாக இருக்கிறது. இப்போது ஏழாம் மாதம். ஆனால் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீடாக இருந்தால், பாலும் ஒத்துக்கொள்ளாத பிள்ளையாக இருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

திருகோணமலையில் இன்னொன்றும் சொல்வார்கள், நாங்கள் கடற்கரைச் சனம், கடலுப்பிலேயே அயடீன் இருக்கிறது, பிறகு ஏன் தனியாகப் போட வேண்டும் என்று. நானும் சொல்லியிருக்கிறேன், ஊருக்கே உப்புவெளி என்று பெயர் இருக்கும்போது வேறு என்ன தோன்றும். கணக்குப் பார்த்தால் அது சரிவராது. ஒரு லீற்றர் கடல் தண்ணீரில் உப்பு 35 கிராம் அளவில் இருக்கிறது, அயடீன் 60 மைக்கிரோகிராம் அளவில்தான். அது அத்தனையும் உப்போடு தங்கினாலும் ஒரு கிராம் உப்புக்கு இரண்டு மைக்கிரோகிராம் கூட வராது, வெயிலில் காயும்போது அதிலும் குறையும். மீனும் கடற்பாசியும் அயடீனைத் தங்கள் உடம்பில் சேர்த்து வைக்கின்றன, பாத்தியில் விளைகிற உப்பு அப்படிச் சேர்ப்பதில்லை. ரோஸ் உப்பும் ஒரு காலத்துக் கடல் காய்ந்த உப்புத்தான், அந்த நிறம் இரும்பால் வருவது. இதனால்தான் 1995இல் இருந்து நம் நாட்டில் சமையல் உப்புக்கு அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

சரி, என்னுடைய 11 என்ன ஆனது? ஏழு மாதம் ரோஸ் உப்புச் சாப்பிட்ட பிறகும் 10க்கு மேல்தான் நின்றது. கிளினிக் டொக்டர் உப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. குளிசையை எப்போது, எதோடு போடுகிறீர்கள் என்று கேட்டார். விடியப்புறம் பால் தேத்தண்ணியோடு, எலும்புக்குத் தந்த கல்சியம் குளிசையையும் சேர்த்துத்தான் என்றேன். அங்கேதான் பிழை இருந்தது. கல்சியமும் பாலும் தைரொக்சினைக் குடலில் சேரவிடாது, இரும்புச்சத்துக் குளிசையும் அப்படித்தான். எழும்பியதும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் தேத்தண்ணி. கல்சியமும் இரும்பும் நாலு மணி நேரம் தள்ளி. குளிசையின் அளவைக்கூட அவர் கூட்டவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 3.4. இத்தனை நாளும் உப்புப் போத்தலில் தேடிய பிழை தேத்தண்ணிக் கோப்பையில் இருந்திருக்கிறது.

அப்போ தைரொயிட்காரர் யாருமே அயடீன் உப்பை விடத் தேவையில்லையா என்றால், ஒரு சாரார் இருக்கிறார்கள். தைரொயிட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து, மகரகம போன்ற இடங்களில் கதிரியக்க அயடீன் எடுக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு அதற்கு முன் ஒன்று, இரண்டு வாரம் அயடீன் மிகக் குறைந்த சாப்பாடு என்று வைத்தியரே சொல்லுவார். அந்த நாட்களில் அயடீன் சேர்க்காத உப்பு, மீன் இல்லை, கருவாடு இல்லை, பால் இல்லை, முட்டை மஞ்சட்கரு இல்லை. முடிந்ததும் திரும்பச் சாதாரண உப்பு. இப்படி இருந்தவர் ஒருவரைப் பார்த்துத்தான் நாலு வீட்டில் "தைரொயிட்டுக்கு அயடீன் உப்பு கூடாது" என்று எடுத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். சுரப்பி கூடி வேலை செய்கிறவர்களுக்கும் அளவான உப்பு கேடு செய்வதில்லை. அவர்களும் என்னைப் போன்ற ஹஷிமோட்டோக்காரரும் பயப்பட வேண்டியது கடற்பாசிக் குளிசை, அயடீன் துளி என்று தைரொயிட்டுக்கு நல்லதென்று விற்கிற சாமான்களுக்கு. நாளுக்கு வேண்டியதைப் போலப் பல மடங்கு அயடீன் அவற்றில் இருக்கலாம், அது சுரப்பியை உண்மையிலேயே குழப்பும். சுரப்பிக்கு ஆகாது என்று சொல்கிற கோவாவும் மரவள்ளியும் அவித்துச் சமைத்து அளவாகச் சாப்பிட்டால் தொல்லை இல்லை என்றார்கள், நான் சாப்பிடுகிறேன்.

சோடியம் குறைந்த உப்பு என்றும் ஒன்று விற்கிறார்கள். இவருக்குப் பிரஷர் இருப்பதால் அதையும் வாங்கப் பார்த்தேன், மருந்துக்கடைப் பிள்ளைதான் நிறுத்தினா. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது, சிறுநீரக வருத்தக்காரருக்கும் லொசாட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் குளிசை எடுக்கிறவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கலாம். வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாத உப்பு அது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அயடீன் வேண்டும் என்று உப்பைக் கூட்டினால் பிரஷர் ஏறும். ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி, அதற்குள் கருவாடும் ஊறுகாயும் மிக்சரும் அடக்கம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் அயடீன் உள்ள உப்பென்றால் அந்த 5 கிராமில் 100 மைக்கிரோகிராம் கிடைக்கும், மிச்சத்தை மீனும் தயிரும் முட்டையும் தரும்.

அம்மாவின் பழக்கம் ஒன்றையும் நாங்கள் மாற்ற வேண்டி வந்தது. அவவுக்குக் கல்லுப்புத்தான் வேண்டும். வாங்கி வந்ததும் சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றி அலசி, அந்த அழுக்குத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றிவிட்டு, உப்பை முட்டியில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் மூடாமல் வைப்பா. ஐம்பது வருடப் பழக்கம். கல்லுப்பில் அயடீன் சேர்த்திருந்தாலும் அது பொட்டாசியம் அயடேற்றாகக் கல்லின் மேலேதான் தெளித்திருக்கும், முதல் அலசலிலேயே தண்ணீரோடு போய்விடும். மிஞ்சினதையும் ஈரமும் வெக்கையும் வெளிச்சமும் குறைக்கும். இப்போது அயடீன் சேர்த்த தூள் உப்பு, இறுக்கமான மூடி போட்ட போத்தலில், அடுப்புக்குத் தள்ளி. குழம்பு இறக்குகிற நேரத்தில்தான் உப்புப் போடுகிறோம். அம்மா முதல் கிழமை முறுக்கிக்கொண்டுதான் இருந்தா, பூட்டப்பிள்ளைக்காக என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டா.

என் வேண்டுகோள்கள் இவை. உப்புப் பைக்கற்றின் முன்பக்கத்தில், தமிழிலும், கண்ணாடி இல்லாமல் வாசிக்கிற எழுத்தில், அயடீன் சேர்த்ததா சேர்க்காததா என்று இருக்க வேண்டும். சேர்க்காத உப்பை விற்கிற கடைக்காரர் கர்ப்பிணி உள்ள வீடா என்று ஒரு வார்த்தை கேட்டால்கூட எவ்வளவோ நல்லது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சில்லறையாக நிறுத்து விற்கிற உப்பிலும் அந்த இரண்டு துளியை விட்டுப் பார்க்க வேண்டும். மற்றது உங்களிடம் கேட்பது. உங்கள் பத்திரிகையின் சுகாதாரப் பக்கத்தில் ஹோர்மோன் சுரப்பிகளைப் பார்க்கிற ஒரு அகஞ்சுரப்பியியல் நிபுணரைக் கொண்டு, கூடினவருக்கு இது, குறைந்தவருக்கு இது, சுரப்பி எடுத்தவருக்கு இது, கர்ப்பிணிக்கு இது என்று பிரித்து எழுதுவியுங்கள். வெட்டி எடுத்துக் குசினியில் ஒட்டி வைப்போம்.

மகளுக்கு வருகிற வியாழக்கிழமை கிளினிக். ரோஸ் உப்புப் பாவிக்கிற அந்த மூன்று வீட்டிலும் ஒவ்வொரு கரண்டி உப்பைக் கடதாசியில் மடித்து, வீட்டுக்காரர் பெயரை மேலே எழுதித் தந்திருக்கிறார்கள். மிஸ்ஸிடம் கேட்டு, பார்த்துச் சொல்லச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
தைரொயிட் குளிசை எடுக்கும் வாசகி ஒருவர்
உப்புவெளி, திருகோணமலை