டாக்டரிடம் சொல்லிவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஃபோனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் இரண்டாவது பாதியில் வந்த அந்த கார்னர் கிக்கைப் பற்றித்தான். நீயும் அவர்களுடைய ஸ்ட்ரைக்கரும் ஒரே பந்துக்கு எம்பினீர்கள், தலையும் தலையும் மோதியது. டாக்டர் ஓடிவந்தார். நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்தாய். வர்ணனை செய்தவர் பெரிய வீரம் என்று புகழ்ந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்புறம் நான் பந்தைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்த்துவிடுவது உன் பழக்கம். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நீ திரும்பிப் பார்க்கவில்லை. எதிரணி ஃபார்வர்டை ஆஃப்சைடில் சிக்கவைக்க, உன்னோடு பின்னால் நின்று கோலைத் தடுக்கும் மற்ற மூன்று டிஃபெண்டர்களும் மேலே ஏறினார்கள், நீ மட்டும் பின்னால் நின்றுவிட்டாய். அவர்களுடைய ஃபார்வர்டு சோம்பேறி, பிழைத்தீர்கள். இதெல்லாம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. டிஃபெண்டரின் நல்ல வேலையும் அப்படித்தானே? உன் ஏஜெண்ட் வெட்டி ஒட்டி அனுப்பும் வீடியோவில் சறுக்கிப் பந்தைப் பறிப்பதும் தலையால் முட்டுவதும்தான் இருக்கிறது. சரியான இடத்தில் முன்னாலேயே போய் நின்றதால் வராமலே போன ஆபத்தை எந்த வீடியோவில் காட்டுவது?

நீ ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போட ஃபிஃபா விதியில் இடமிருக்கிறது. இந்த நேரத்தில் காயப் பட்டியலில் பெயர் வந்தால் வாங்க வருகிறவர்கள் பின்வாங்குவார்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருப்பார். வெளிநாட்டுக்காரனை முதலில் கழற்றிவிடுவார்கள் என்ற பயம் வேறு. பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முழங்காலை மறைப்பதும் தலையை மறைப்பதும் ஒன்றில்லை.

கிளாஸ்கோவில் டாக்டர் வில்லி ஸ்டூவர்ட்டின் குழு ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களின் பதிவுகளை ஆராய்ந்தது. மறதி நோய் போன்ற மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது அவர்களிடம் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று 2019-இல் சொன்னார்கள். 2021-இல் ஆடும் இடம்வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். கோல்கீப்பர்களுக்கு இந்த நோய்கள் வரும் ஆபத்து சாதாரண மனிதர்கள் அளவுதான். டிஃபெண்டர்களுக்குச் சுமார் ஐந்து மடங்கு. நீ ஆடும் இடம்!

அதெல்லாம் அந்தக் காலத்தில் ஈரத்தில் கனத்துப்போன தோல் பந்தால் வந்தது என்று சொல்வாய். அந்த ஆய்வில் முந்தின தலைமுறை, பிந்தின தலைமுறை என்று வித்தியாசம் தெரியவில்லை. இன்றைக்கும் பந்து 410 முதல் 450 கிராம்தான், வேகம்தான் கூடியிருக்கிறது. இங்கிலாந்தில் 2021 முதல், பயிற்சியில் பந்தைத் தலையால் முட்டும் பலமான ஹெட்டர்கள் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டுதலே இருக்கிறது. நீயோ பயிற்சி முடிந்த பிறகும் நின்று, பக்கவாட்டிலிருந்து தூக்கி அடிக்கும் கிராஸ்களை முட்டிப் பழகுவதாகப் பெருமையாகச் சொல்கிறாய். குறைத்துக்கொள்.

தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக ஆளை இறக்கினால், வழக்கமான மாற்று வீரர் கணக்கில் அது சேராது. உங்கள் லீக்கிலும் அது நடைமுறையில் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அணிக்கு நஷ்டம் என்ற சாக்கும் இல்லை.

நாளைக் காலை பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முன் கிளப் டாக்டரைப் பார். தலைவலி, தூக்கமில்லாதது, வெளிச்சம் கூசுவது, எது இருந்தாலும் சொல். நேற்று வீடியோ காலில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய், நான் கவனிக்காமல் இல்லை. கன்கஷன், அதாவது அடியில் மூளை அதிர்ந்திருக்கிறது என்று சொன்னால் படிப்படியாகத்தான் திரும்ப விடுவார்கள், ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். இரண்டு ஆட்டம் போகலாம், போகட்டும். பிரேசில் டிஃபெண்டர் தியாகோ சில்வா இருபது வயதில் மாஸ்கோவுக்கு ஆடப் போய், காசநோயோடு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அதே ஆள் 36 வயதில் செல்சி அணியோடு சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றார். உனக்கு வயது இருக்கிறது, அதுவும் டிஃபெண்டருக்கு.

டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பாவுக்கு இல்லை, எனக்கு அனுப்பு. அப்பா பாதியை மறைத்துச் சொல்வார். ஏஜெண்ட் கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா