ஆறு கொட்டிவிட்டுப் போன மணலையும் கணக்கில் எடுங்கள்

பருவநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கு உதவும் இழப்பு மற்றும் சேத நிதியின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். கடலூருக்கு மேற்கே, பெண்ணையாற்றங்கரையில் மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் வைக்கிறவன் நான்.

2024 நவம்பர் 24-இல் அஜர்பைஜானின் பாகு நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு முடிந்தது. 2035-க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். ஆறாம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மேற்கேயும் மழை கொட்டி சாத்தனூர் அணை நிரம்ப, டிசம்பர் 2-ஆம் தேதி ஆறு கரைமீறி எங்கள் கழனிக்குள் வந்துவிட்டது.

கதிர் வெளிவருமுன் பொதி கட்டும் பருவத்தில் இருந்த நெல் அழுகியது. அதுகூடப் பரவாயில்லை, தண்ணீர் வடிந்தபோது வரப்பையே காணோம். முழங்கால் உயரத்துக்கு மணல். கழனி மண்ணைப் பிசைந்தால் கையில் ஒட்ட வேண்டும். இது விரலிடுக்கில் ஒழுகியது. கடன் வாங்கி, வண்டி வைத்து அள்ளினோம். ஆனாலும் அடுத்த நடவுக்குக் காலையில் கட்டிய தண்ணீர் மதியத்துக்குள் இறங்கிவிட்டது.

சேதம் கணக்கெடுக்க வந்தவர்கள் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் யார் பெயர் என்று கேட்டார்கள். நிலத்துக்காரர் பெயர்தான். நிவாரணமும் அவர் கணக்குக்கே போனது. நல்ல மனிதர், பாதியை அனுப்பி வைத்தார். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது. நாற்று நட்ட பெண்களின் கூலி நாட்கள் எந்தத் தாளிலும் இல்லை.

2022-இல் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கில் நடந்த பருவநிலை மாநாட்டில் நாடுகள் இந்த நிதிக்கு ஒப்புக்கொண்டபோது மனது நிறைந்தது. இப்போது முதல் கட்டமாக 25 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறீர்கள். எந்த நாட்டுக்குக் கொடுத்தாலும், பட்டா இல்லாத குத்தகைக்காரருக்கும் கூலியாளுக்கும் நேரே போய்ச் சேர வழி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். இழப்பை ஒரு போகத்தோடு முடித்துவிடவும் வேண்டாம். 2011-இல் தானே புயல் பண்ருட்டி பக்கம் சாய்த்த பலாவும் முந்திரியும் ஒரு வருஷத்தில் திரும்பி வருகிற பயிரா?

நாடுகள் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல். ஒடிசா விவசாயிகள் காத்து வைத்திருந்த ஒரு நாட்டு ரகத்தில் வெள்ளம் தாங்கும் மரபணு இருந்தது. அதைக் கண்டறிந்து மற்ற ரகங்களில் சேர்த்ததில் அமெரிக்க ஆய்வாளர்களுக்கும், உங்கள் குழுவுக்கு இடம் கொடுத்திருக்கும் பிலிப்பைன்ஸில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் பங்கு உண்டு. இளம்பயிராக இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். பொதி கட்டியபின் மூழ்கினால் அதுவும் தாங்காது. மணல் மூடினால் எந்த விதையாலும் ஆகாது, அதற்குப் பணம்தான் வேண்டும். அதையும் கடனாகத் தராதீர்கள். ஏற்கெனவே வண்டி வாடகைக்கு வாங்கிய கடனே நிற்கிறது.

கழனியின் தென்மூலையில் இன்னும் அள்ளாத மணல் கிடக்கிறது. உங்கள் ஆட்கள் அளக்க வந்தால் நானே கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பெண்ணையாற்றங்கரைக் குத்தகை விவசாயி ஒருவன்