தபால் பெட்டியில் அப்பா பெயர்

டிரெஸ்டன், ஜெர்மனி
ஏப்ரல் 6

அன்புள்ள அம்மா,

அன்றைக்குப் போனில், "மறுபடியும் ஏன் அறை மாறுகிறாய், காலி பண்ணச் சொல்லிவிட்டார்களா?" என்று கேட்டாய். இரண்டு கையிலும் பெட்டி, டிராம் வேறு வந்துவிட்டது. "அப்புறம் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ சரியாகத் தூங்கவே இல்லை என்று தம்பி சொன்னான். அதனால்தான் இன்று உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன். என்னை யாரும் விரட்டவில்லை அம்மா.

இங்கே குளிர்காலப் பருவம் அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. எல்லா மாணவர்களும் ஒரே சமயத்தில் வந்து இறங்குவதால் விடுதி அறைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது கிடைத்தது இன்னொரு பெண்ணின் அறை. அவள் ஆறு மாதம் ஸ்பெயினில் படிக்கப் போனாள். அவள் வரும்வரை நான் வாடகை கட்டி அங்கே இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. விடுதியில் அனுமதி வாங்கித்தான் செய்தோம், திருட்டுத்தனம் இல்லை. அவள் கட்டில், அவள் மேசை, அவள் திரைச்சீலை. மார்ச் 31-ஆம் தேதியோடு அந்தக் கணக்கு முடிந்தது. இப்போது கிடைத்திருப்பது என் பெயரிலேயே ஒப்பந்தம் போட்ட அறை. வாடகையும் முன்பைவிடக் குறைவு.

காலி செய்யும் வேலையைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். நம் ஊர் ஹாஸ்டலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அறையைப் பெருக்கினேனா என்றுகூட யாரும் கேட்கவில்லை. இங்கே அப்படி இல்லை. நான் அங்கே குடியிருந்த அடையாளமே தெரியாதபடி திருப்பிக் கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, உறைந்த பனி உருகியதும் துடைத்தேன். அடுப்புத் தட்டு, ஜன்னல் சட்டம், கதவு ரப்பர் இடுக்கு எல்லாம் தேய்த்தேன். எல்லாம் போய்விட்டது, மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. சமையல் மேடை வெள்ளை நிறம். குழம்பு சிந்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். சோடா உப்பு போட்டுத் தேய்த்தும் லேசாகத்தான் மங்கியது. அப்போதுதான் நீ அப்பாவின் வேட்டியை மொட்டை மாடியில் வெயில் படும்படி விரிப்பாயே, அது நினைவுக்கு வந்தது. மேடையை வெயிலுக்குத் தூக்கிப்போக முடியாது. மதியத்தில் ஜன்னல் வழியாக அந்த மூலையில் விழும் வெயிலுக்குத் திரையை முழுக்க விலக்கி வைத்தேன். நான்காம் நாள் கறை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் திரும்பி வந்து கையால் தடவிப் பார்த்து, "நீ சமைக்கவே இல்லையா?" என்றாள். எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

ஒரு ராத்திரி மட்டும் சிரமமாகப் போயிற்று. பழைய சாவியை 31-ஆம் தேதி மதியம் கொடுத்தாக வேண்டும், புதுச் சாவி 1-ஆம் தேதி காலையில்தான் கிடைக்கும். நடுவில் ஒரு இரவுக்கு எனக்கு வீடு இல்லை. மதுரைக்கார அக்கா ஒருத்தி இங்கே முனைவர் பட்டம் படிக்கிறாள், அவள் அறையில் தரையில் படுத்துக்கொண்டேன். இதை உன்னிடம் அன்றே சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சாமான்களையும் அவளும் நானுமாக மூன்று நடையில் டிராமிலேயே கொண்டுவந்து சேர்த்தோம்.

புது அறையின் சாவியோடு ‘ஹவுஸ்மைஸ்டர்’ வந்தார். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். கையில் ஒரு படிவம். சுவர், தரை, மெத்தை, குழாய் என்று ஒவ்வொன்றாகக் காட்டி, குறை இருந்தால் சொல் என்றார். முதல் நாளே குறை சொல்வதா என்று நான் எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்றேன். அவர் விடவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, தரையில் சூடு பட்டு நிறம் மாறிய இடத்தைக் காட்டி, "இதை எழுது. எழுதாவிட்டால் போகும்போது இது உன் கணக்கு" என்றார். பதினொரு குறை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம், என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. அப்பா அட்வான்ஸ் பற்றிக் கேட்டாரே, அது திரும்பி வருவது இந்தத் தாளை வைத்துத்தான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள் என்று சித்தப்பா புலம்புவார். இங்கே மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. "பரவாயில்லை" என்பதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே உள்ளதை உள்ளபடி சொல்வதைத்தான் மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

நான்கு பேருக்கு ஒரு சமையலறை. ஆளுக்கு ஒரு வாரம் துடைக்கும் முறை, பட்டியல் சுவரில் தொங்குகிறது. டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் உண்டு. நாங்கள் நான்கு பேரும் 4.59 என்று பங்கு போட்டுக்கொள்கிறோம். தாளித்து முடித்ததும் ஜன்னலை அகலத் திறந்து காற்று மாற்றிவிடுகிறேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஊருக்குள்ளேயே மாறினாலும் இரண்டு வாரத்துக்குள் புது முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு செவ்வாய்க்கிழமை போகிறேன்.

பருவம் முடியும்போது, கொண்டுபோக முடியாத சாமான்களை "எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி வாசலில் வைத்துவிடுவார்கள். எனக்கு ஒரு மேசை விளக்கு அப்படித்தான் கிடைத்தது. நான் என் வாளியையும் மக்கையும் வைத்துவிட்டு வந்தேன். மறுநாளே யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

இன்னொன்று. இங்கே தபால்காரர் அறை எண்ணைப் பார்ப்பதில்லை, பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கிறதல்லவா, அதனால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் அப்பா பெயர்தான். அலுவலகத்திலும் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். பழைய பெட்டியிலிருந்து அந்தச் சின்னக் காகிதத்தை நகத்தால் உரித்தபோது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. கிழிக்காமல் எடுத்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். புதுப் பெட்டிக்குப் பெரிய எழுத்தில் அப்பா பெயரை எழுதி ஒட்டினேன். அப்பாவிடம் சொல்.

பருப்புப் பொடி அனுப்பும்போது முகவரியில் என் பெயரை மட்டும் எழுதிவிடாதே. அப்பா பெயரையும் சேர்த்து எழுது.

உன் மகள்